மஸாதாவின் ராவி யார்?

சென்ற மாதம் திருமண வீடு ஒன்றில், விருந்து முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிவந்த நேரத்தில், நாம் இரண்டு பேச்சுக்களைக் கேட்க நேர்ந்தது. கல்லூரியில் வரலாறு பயிலும் இளைஞர் ஒருவர், சாக்கடலின் கரையில் மஸாதா என்னும் மலைக்கோட்டையில் 960 யூதர்கள் உரோமருக்கு அடிபணிய மறுத்துத் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட செய்தியை உணர்ச்சி ததும்ப எடுத்துரைத்து, “மானம் என்றால் இதுவன்றோ மானம்! நம்மவரிடம் இந்த உறுதி உண்டா?” என்று வினவினார். அவர் வாய் மூடுவதற்குள், மேடையில் நன்கு முழங்கவல்ல மௌலவி ஒருவர் (நமக்கு வேண்டியவர்தாம், பெயர் வேண்டா), “எல்லாம் ஸியோனிஸ்டுகள் கட்டிவிட்ட கதை. அங்கே கோட்டையும் இல்லை, குடியிருந்தவனும் இல்லை” என்று ஒரே வீச்சில் வெட்டிப்போட்டார். கூடியிருந்தோருள் பாதிப்பேர் இளைஞருக்கும் பாதிப்பேர் மௌலவிக்குமாகத் தலையாட்டினர். நாம் இருவருக்கும் தலையாட்டவில்லை. மணவீட்டில் வழக்காடுவது முறையன்று என்றெண்ணி அன்று வாளாவிருந்தோம். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகின்றோம்.

இருவரும் ஒரே தவற்றைத்தான் செய்தனர். செய்தி ஒன்று வந்தால், அதைச் சொன்னவன் யார், அவன் கண்டு சொன்னானா கேட்டுச் சொன்னானா, அவன் நம்பத்தக்கவனா என்று கேட்பதே மத்ரஸாவில் நமக்குப் புகட்டப்படும் முதற்பாடம். ஹதீஸுக்கு இஸ்னாது கேட்கின்ற நாம், ஒரு கோட்டையின் கதைக்கு மட்டும் ராவியைக் கேட்காமல் விடலாமோ? இளைஞர் கதையை முழுதாக விழுங்கினார். மௌலவி முழுதாக உமிழ்ந்தார். மென்று பார்த்தவர் எவருமிலர்.

முதலில் மௌலவிக்கு விடை சொல்வோம். கோட்டை இருக்கிறது. நம் முன்னோர் பஹ்ரு லூத் என வழங்கிய சாக்கடலின் மேற்குக் கரையில், யூதேயப் பாலைவனத்தின் விளிம்பில், எப்புறமும் செங்குத்தாகச் சரிந்த தனிப்பாறை ஒன்று நிற்கிறது. சாக்கடலின் நீர்ப்பரப்பு உலகக் கடல் மட்டத்திற்கு 400 மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்து கிடப்பது. ஆகவே அதற்கு மேல் ஏறத்தாழ 450 மீட்டர் உயர்ந்து நிற்கும் இம்மலையின் உச்சி, உலகக் கடல் மட்டத்தைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். உச்சியோ மேசைபோல் தட்டையானது. நீளம் சுமார் 600 மீட்டர், அகலம் மிகுந்த இடத்தில் சுமார் 300 மீட்டர். கிழக்கிலிருந்து ஏறும் ஒற்றையடித் தடத்திற்குப் பாம்புப் பாதை என்று பெயர். மஸாதா என்னும் சொல்லுக்கு எபிரேயத்தில் கோட்டை என்பதே பொருள். அவ்வட்டாரத்து அரபு நாடோடிகள் அதனை ஸப்பா என்றழைத்தனர். 1838-இல் அமெரிக்கராகிய ராபின்ஸன், ஸ்மித் என்னும் இருவர், வடக்கேயுள்ள அயின் ஜிதீயில் நின்று தொலைநோக்கியால் பார்த்து, அரபுகள் ஸப்பா என்று சுட்டிய அப்பாறைதான் பண்டை நூல்கள் கூறும் மஸாதா என்று துணிந்தனர். 1842-இல் மேனாட்டார் அதன்மேல் ஏறிக் கண்டனர். ஸியோனிஸம் என்னும் சொல் பிறப்பதற்கே அதற்குப்பின் அரை நூற்றாண்டு ஆயிற்று. அப்படியிருக்க, ஸியோனிஸ்டுகள் கட்டிய கோட்டை என்று எங்ஙனம் சொல்வது?

கட்டியவன் பெரும் ஏரோது. அவன் பிறப்பே ஆராயத்தக்கது. தந்தை இதுமேயர், தாய் கிப்ரோஸ் என்பவள் நபத்தீ அரபு நாட்டு உயர்குடிப் பெண். யூதர் பலர் அவனைத் தம்மவனாக முழுதும் ஏற்றாரல்லர். கி.மு. 40-இல் பார்த்தியரும் அவனுடைய பகைவன் அந்திகோனஸும் யெரூசலத்தைக் கைப்பற்றியபோது, தன் தாயையும் மணம் பேசியிருந்த மரியாம்னேயையும் இம்மலைமேல் ஏற்றி, தம்பி யோசேப்பை 800 வீரருடன் காவல் வைத்துவிட்டு உரோமாபுரிக்கு ஓடினான். முற்றுகையில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. 200 பேருடன் அரபு நாட்டுக்குத் தப்பிவிடலாம் என்று யோசேப்பு முடிவுசெய்திருந்த இரவில் மழை கொட்டித் தொட்டிகள் நிறைந்தன என்பது செய்தி. அந்த மழையை ஏரோது மறக்கவில்லை போலும். உரோமரின் தயவால் அரசனாகி வந்தபின், அவன் இம்மலையில் செய்த வேலையிலெல்லாம் தலையாயது நீர் வேலைதான். எப்போதோ ஒருநாள் காட்டாறாய்ப் புரண்டோடும் மழைநீரை, மேற்கேயுள்ள இரு ஓடைகளில் தடுத்துக் கால்வாய்வழித் திருப்பி, மலையின் சரிவைக் குடைந்த 12 பெருந்தொட்டிகளில் நிரப்பினான். அவற்றின் கொள்ளளவு ஏறத்தாழ 40,000 கன மீட்டர் என்பர். அங்கிருந்து கழுதை முதுகிலும் ஆள் தோளிலுமாக நீர் உச்சிக்கு ஏறிற்று. ஆண்டில் சில நாளே மழை காணும் பாலையில், நீராடும் வெந்நீர் அறைகளும் குளமும் வைத்து வாழ்ந்தான் ஒரு மன்னன் என்றால், அந்தப் பொறியாளர் திறத்தை என்னென்பது! உச்சியைச் சுற்றி சுமார் 1,400 மீட்டர் நீளத்துக்கு இரட்டை மதில், மதிலிடை அறைகள், நீள்வரிசையாகப் பண்டகசாலைகள், வடக்கு முனையில் பாறை முகத்தில் படிப்படியாகத் தொங்கும் மூன்றடுக்கு அரண்மனை. இத்தாலியிலிருந்து வந்த மதுச்சாடியின் ஓட்டில் அவன் பெயரே எழுதப்பட்டுக் கிடைத்திருக்கிறது. இத்தனையும் எதற்கு? தன் குடிமக்களே தன்னைக் கவிழ்ப்பர் என்னும் அச்சம் ஒன்று. எகிப்தின் கிளியோபாத்திரா தன் நாட்டை விழுங்குவாள் என்னும் அச்சம் மற்றொன்று. கோட்டை அச்சத்தின் பிள்ளை என்பது இங்கே வெளிப்படை.

இனி, இளைஞர் போற்றும் வீரர்களிடம் வருவோம். கி.பி. 66-இல் உரோமருக்கெதிராக யூதர் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியில் பல குழுக்கள். அவற்றுள் ஸிகாரிகள் என்பார் ஒரு கூட்டம். ஸிகா என்றால் இலத்தீனில் வளைந்த குறுவாள். திருநாட் கூட்டத்தில் ஆடைக்குள் குறுவாளை மறைத்துச் சென்று, தமக்கு உடன்படாத யூதரையே குத்திக் கொன்றுவிட்டு, கொலையுண்டவனுக்காகக் கூட்டத்தோடு கூட்டமாய்ப் புலம்பி நிற்பது இவர்தம் வழக்கம். தலைமைக் குருவாயிருந்த யோனத்தான் இவர்கள் கையால் மாண்டவருள் முதல்வர். மஸாதாவின் உரோமக் காவலரைக் கொன்று கோட்டையைப் பிடித்தோர் இவர்களே. இவர்களின் தலைவன் மெனாகேம் யெரூசலத்தில் சக யூதராலேயே கொல்லப்பட, அவன் உறவினன் எலயாஸர் பின் யாயிர் எஞ்சியோருடன் மஸாதாவுக்கு ஓடிவந்தான். யெரூசலம் உரோமப் படையால் முற்றுகையுண்டு, பசியால் வெந்து, கி.பி. 70-இல் பைத்துல் முகத்தஸ் தீக்கிரையானபோது, இந்த வீரர்கள் அங்கே இல்லை. மலைமேல் இருந்தனர். அக்கம்பக்கத்துச் சிற்றூர்களைக் கொள்ளையிட்டு உண்டுகொண்டிருந்தனர்.

அக்கொள்ளைகளுள் ஒன்றைப் புகழ்க்கதை பாடுவோர் எவரும் வாய்திறந்து சொல்வதில்லை. அயின் ஜிதீ என்று சொன்னோமே, ஆட்டுக்குட்டியின் ஊற்று என்று பொருள். மஸாதாவுக்கு வடக்கே சுமார் 17 கிலோமீட்டரில் உள்ள பாலைப்பூங்கா. யூதரின் ஊர். புளிப்பில்லா அப்பத் திருநாளின் இரவில் ஸிகாரிகள் அவ்வூரின்மேல் பாய்ந்தனர். ஆயுதம் ஏந்தவல்ல ஆடவரைத் துரத்தினர். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளுமாக 700 பேருக்கு மேல் வெட்டிச் சாய்த்தனர். வீடுகளைத் துடைத்தெடுத்தனர், முற்றிய விளைச்சலை மலைக்குச் சுமந்து சென்றனர். மஸாதாவின் முடிவை எந்த நூல் சொல்கிறதோ, அந்நூலே இதையும் சொல்கிறது. ஒரே கிதாபில் ஒரு பக்கத்தை நம்பி மறுபக்கத்தைக் கிழித்தெறிவது எந்த நாட்டு நேர்மை? இளைஞரை நாம் கேட்கும் முதற் கேள்வி இது.

முற்றுகைக்கு வருவோம். யூதேயாவின் ஆளுநன் பிளேவியஸ் ஸில்வா, பத்தாம் படையணியோடும் துணைப்படைகளோடும் வந்தான். ஆண்டு கி.பி. 73 என்று நெடுநாள் எழுதிவந்தனர். ஸில்வாவின் பெயர் பொறித்த கல்வெட்டுகள் இத்தாலியில் கிடைத்தபின் 74 என்பாரும் உளர். மலையைச் சுற்றி எட்டுப் பாசறைகள், அவற்றை இணைத்து சுமார் 4 கிலோமீட்டர் நீளச் சுற்றுச்சுவர். உள்ளிருப்பவன் ஒருவனும் நழுவக்கூடாது என்பதற்காக இச்சுவர். மேற்குப் புறத்தில் இயல்பாக நீண்டிருந்த ஒரு மலைமுதுகின்மேல் மண்ணும் கல்லும் மரமும் கொட்டி ஏறுசரிவு அமைத்து, கோபுரத்தையும் மதிலிடிக்கும் பொறியையும் மேலேற்றினர். இவையெல்லாம் இன்றும் கண்ணாற் காணும் நிலையில் கிடக்கின்றன. உலகில் உரோம முற்றுகைச் சின்னம் இத்துணை முழுமையாக எஞ்சிய இடம் அரிது. உரோமருக்கு உணவும் நீரும் தொலைவிலிருந்து சுமந்து வந்தோர் யார் தெரியுமோ? சிறைப்பட்ட யூதர்களே. மேலே யூதர், கீழே தண்ணீர் சுமப்பவரும் யூதர். வரலாற்றில் நம் நெஞ்சை உருக்குவது இந்த இரண்டாவது கூட்டம். அவர்களைப் பற்றி ஒரு வரிக்கு மேல் யாரும் எழுதவில்லை.

முற்றுகை மூன்றாண்டு நீடித்தது என்று எத்தனையோ வழிகாட்டி நூல்கள் எழுதின. யெரூசலம் வீழ்ந்த ஆண்டையும் மஸாதா வீழ்ந்த ஆண்டையும் கழித்துப் பார்த்துச் சொன்ன கணக்கு அது! சில மாதங்கள் என்றனர் பின்வந்தோர். சுற்றுச்சுவரின் கற்கனத்தை அளந்து கணக்கிட்ட அந்நாட்டு ஆய்வாளர்கள், 2024-இல் வெளியிட்ட கட்டுரையில் எல்லாம் சில வாரங்களில் முடிந்திருக்கும் என்கின்றனர். இன்னொன்று: முற்றுகைக் காலத்தில் உள்ளிருந்தோர் ஒருமுறையேனும் வெளிவந்து போர் செய்தனர் என்று மூலநூலில் ஒரு சொல்லும் இல்லை. மதில் உடைந்தபின் மரத்தாலும் மண்ணாலும் உள்மதில் ஒன்றைக் கட்டினர். உரோமர் அதற்குத் தீவைத்தனர். தீ முதலில் உரோமர் பக்கம் வீசி, பின் காற்று திரும்பி உள்மதிலைப் பற்றியது. அன்றிரவுதான் எலயாஸர் பேசினான் என்பதும், ஆடவர் தத்தம் மனைவி மக்களைத் தழுவியபடியே வெட்டினர் என்பதும், பின் சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேரைத் தேர்ந்து அவர்கள் மற்றவரைக் கொல்ல, பதின்மருள் ஒருவன் ஒன்பதின்மரைக் கொன்று தன் மேல் வாளைப் பாய்ச்சிக்கொண்டான் என்பதும் கதை.

இங்கே சற்று நிற்போம். 960 பேர் தற்கொலை என்கிறார் இளைஞர். கதையை அப்படியே ஒப்புக்கொண்டு எண்ணிப் பார்த்தாலும், தன்னைத்தானே கொன்றவன் ஒரே ஒருவன். மற்றவர் கொல்லப்பட்டவர். ஆடவர் மனமுவந்து கழுத்தை நீட்டினர் என்றே வைத்துக்கொள்வோம். பெண்களிடம் யார் கேட்டார்? பால்மணம் மாறாத குழந்தை எந்த மானத்திற்காகக் கழுத்தை நீட்டிற்று? தகப்பன் கையால் வெட்டுண்ட குழந்தையைத் தியாகிகள் கணக்கில் சேர்த்து எண்ணிக்கையைப் பெருக்குவது அக்குழந்தைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமையாகும். வடக்கிருந்து உயிர்விட்ட வேந்தரைப் படித்த தமிழ் நெஞ்சு இத்தகைய சாவுகளில் எளிதில் மயங்கும் என்பதை அறிவோம். நாமும் அந்தத் தமிழைப் படித்தவர்தாம். ஆயினும் வடக்கிருந்தவன் தன்னுயிரைத்தான் விட்டான், பிள்ளையின் உயிரையன்று. நம் மார்க்கம் தற்கொலையை எத்துணைக் கடுமையாக விலக்குகிறது என்பதை வாசகருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. யூத மார்க்கச் சட்டமும் அதை விலக்கியே உள்ளது. தல்மூது என்னும் அவர்தம் பெருங்கடலில், யெரூசலத்தின் வீழ்ச்சியைப் பற்றி எத்தனையோ செய்திகள் உண்டு. மஸாதாவின் பெயரே இல்லை. முற்றுகையிட்ட நகரிலிருந்து பிணப்பெட்டியில் கிடந்து வெளியேறி, யாவ்னே ஊரில் கல்விக்கூடம் கண்ட யோஹனான் பின் ஸக்காயைத்தான் அவர்களின் அறிஞர்கள் நினைவில் வைத்தனர். வாளால் சமுதாயம் பிழைக்கவில்லை, பாடசாலையால் பிழைத்தது என்பதை அவர்களே அறிந்திருந்தனர்.

சரி, ராவி யார்?

ஒருவர்தாம். யோசேபஸ். கபருல் வாஹித் என்று நாம் சொல்வோமே, அதுதான் இது. யெரூசலத்துக் குருகுலத்தில் பிறந்தவர். கிளர்ச்சியின் தொடக்கத்தில் கலிலேயாவில் யூதப் படைத்தலைவர். மஸாதா வீழ்ந்தபோது அவர் அங்கில்லை. உரோமாபுரியில், உரோமப் பேரரசன் கொடுத்த வீட்டில், பேரரசன் கொடுத்த படித்தொகையில், பேரரசன் குலப்பெயராகிய பிளேவியஸ் என்பதையே தம் பெயராய்ச் சூடி வாழ்ந்துகொண்டிருந்தார். அங்ஙனம் போய்ச் சேர்ந்த வரலாற்றைக் கேளுங்கள். கி.பி. 67-இல் யோதபாத்தா என்னும் கோட்டை வீழ்ந்தபோது, இவரும் 40 பேரும் ஒரு குகையில் ஒளிந்தனர். சரணடைவதைவிடச் சாவதே மேல் என்றனர் மற்றவர். சீட்டுக் குலுக்கி ஒருவரையொருவர் கொல்வோம் என்று இவர் வழி சொன்னார். குலுக்கினர், கொன்றனர், முடிவில் இவரும் மற்றொருவரும் எஞ்சினர். இது இறைவன் நாட்டமோ தற்செயலோ என்று இவரே எழுதுகிறார்! எஞ்சியவனையும் இணங்கவைத்து வெளியே வந்து உரோமரிடம் சரணடைந்தார். தளபதி வெஸ்பாஸியன் பேரரசனாவான் என்று முன்னுரைத்து உயிர் பிழைத்தார். குகையில் சீட்டு, மலையிலும் சீட்டு. தாம் சாகாமல் விட்ட சாவை இவர் எலயாஸருக்குக் கொடுத்துவிட்டாரோ என்று கேட்டால், அக்கேள்வியைத் தள்ளிவிட முடியுமோ? ஜர்ஹு வ தஃதீல் கற்ற நம் முன்னோர் கையில் இவர் அகப்பட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை வாசகர் ஊகத்திற்கே விடுகின்றோம்.

அவருக்குச் சொன்னோர் யார்? கொலை நடந்த இரவில் தண்ணீர்க் கால்வாயில் ஒளிந்து தப்பிய இரண்டு பெண்கள் என்கிறார். அவர்களுடன் ஐந்து குழந்தைகள். அப்பெண்களின் பெயரை அவர் எழுதவில்லை. பெயரறியா ராவி மஜ்ஹூல். அப்பெண்களை யோசேபஸ் நேரிற் கண்டார் என்றும் அவரே கூறவில்லை. ஆகவே சங்கிலியின் நடுவிலும் ஒரு கண்ணி அறுந்தது. போகட்டும். நிலத்தடிக் கால்வாயில் மூச்சடக்கிக் கிடந்தவர்கள், எலயாஸரின் இரண்டு நெடுஞ்சொற்பொழிவுகளைச் சொல் பிசகாமல் எப்படிக் கேட்டனர்? அச்சொற்பொழிவிலோ, ஆன்மா உடலெனும் சிறையில் கிடக்கிறது என்னும் அஃப்லாத்தூனின் தத்துவம் மணக்கிறது. அதனினும் வியப்பு ஒன்றுண்டு. சாவுக்கு அஞ்சாமைக்கு எடுத்துக்காட்டாக எலயாஸர் யாரைக் காட்டுகிறான்? இந்தியரை! ஞானம் பயிலும் இந்தியர்கள் உடலைத் தாமே நெருப்புக்கு ஈந்து மறைகின்றனர், அவர்களைவிட நாம் தாழ்ந்துபோவதோ என்கிறான். அலெக்ஸாந்தரின் படையோடு சென்று தீப்புகுந்த கலனோஸ் என்னும் இந்தியத் துறவியின் செய்தி கிரேக்கரிடையே பரவிக் கிடந்தது. நாவலர்கள் மேடைதோறும் எடுத்தாண்ட உவமை. உரோமன் வாசலில் நிற்கும் நள்ளிரவில், யூதப் பாலைவனத்துக் குறுவாள்காரன் ஒருவன் இந்திய ஞானியரைத் துணைக்கழைத்தான் என்பதை நம்பச் சொன்னால், நம்பக்கூடியவர் நம்பட்டும். எழுதியது யோசேபஸின் எழுதுகோல்.

ஆயினும் நாம் மௌலவியின் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று எண்ணவேண்டா. ரிவாயத்து பலவீனமானால் திராயத்து ஒன்று உண்டு. பாசறையும் சுற்றுச்சுவரும் ஏறுசரிவும் முற்றுகைக்குக் கல்லாலாகிய சாட்சிகள். ஸில்வாவோ கி.பி. 81-இல் உரோமாபுரியில் கன்ஸல் பதவி வகித்தவர். அவர் கண்முன்னே முழுப்பொய்யை எழுதியிருக்க யோசேபஸால் இயலாது. ஸிகாரிகள்மேல் யோசேபஸுக்குப் பகை உண்டு. பகைவனின் துணிவை ஒப்புக்கொள்ளும் சாட்சிக்கு ஒரு மதிப்பும் உண்டு. எனவே முற்றுகை உறுதி, மலைமேல் பலர் மாண்டது நடந்திருக்கக்கூடியதே, எண்ணிக்கை ஐயத்திற்குரியது, சொற்பொழிவு புனைவு. நம் தீர்ப்பு இவ்வளவே. இன்னொரு மூலமும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் தென் இத்தாலியில் எபிரேயத்தில் எழுந்த யோசிப்போன் என்னும் நூல், மஸாதாவின் ஆடவர் மனைவி மக்களைக் கொன்றபின் வெளியே பாய்ந்து உரோமரோடு பொருது மாண்டதாகச் சொல்கிறது. அந்நூல் அரபியிலும் பெயர்ந்து, யூஸுஃப் இப்னு குர்யூன் என்னும் பெயரால் வழங்கி, எகிப்தில் இப்னு கல்தூனின் கைக்குக் கிடைத்தது. பனூ இஸ்ராயீலர் வரலாற்றை எழுதுகையில் அவர் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார். யூதன் எழுதியது என்று எறிந்துவிடவில்லை, நம் மௌலவி கவனிக்க! அதே இப்னு கல்தூன்தான், மூஸா நபி (அலை) அவர்களின் படை ஆறு இலட்சம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியதை, அத்துணைப் பேர் நிற்கப் போர்க்களத்தில் இடமேது என்று கேட்டு மறுத்தவரும் ஆவார். எடுப்பதும் அவர்தாம், நிறுப்பதும் அவர்தாம்.

பதினெட்டு நூற்றாண்டு ஏறக்குறைய மறந்து கிடந்த இச்செய்தி புத்துயிர் பெற்றது எப்படி? 1920-களில் பாலஸ்தீனத்தில் வந்து குடியேறிய யூதருக்கு ஒரு வீரக்கதை தேவைப்பட்டது. 1927-இல் லம்தான் என்னும் கவிஞரின் மஸாதாக் காவியம் வெளிவந்தது. ஷமர்யா குத்மன் என்பார் இளைஞரைக் கூட்டங்கூட்டமாக மலையேற்றினார். உலகப்போரில் ஜெர்மானியப் படை எகிப்தை நெருங்கிய 1942-இல், இளைஞர் தலைவர்க்கு அங்கேயே பயிற்சி நடந்தது. அன்று ஐரோப்பாவில் அவர்தம் இனத்தார் இலட்சக்கணக்கில் கொன்று குவிக்கப்பட்டுக்கொண்டிருந்தனர் என்பதை மறந்து இதைப் பேசுவது நியாயமன்று. அரசு அமைந்தபின்னும் கதை ஓயவில்லை. கவசப்படையில் சேர்ந்த வீரர்கள் நள்ளிரவில் தீப்பந்தத்தோடு மலையேறி, மஸாதாவை மறுமுறை வீழ விடோம் என்னும் கருத்தில் உறுதிமொழி ஏற்றனர். பல்லாண்டு நடந்த அச்சடங்கு பிற்பாடு வேறிடத்துக்குப் போயிற்று. 

1963-லிருந்து 1965 வரை அகழ்வாய்வு. நடத்தியவர் யிகாயேல் யாதின். தொல்லியல் பேராசிரியர், அதற்குமுன் அந்நாட்டுப் படையின் தலைமைத் தளபதி. 28 நாடுகளிலிருந்து தொண்டர்கள் வந்தனர். தொழுகைக்கூடம், சடங்கு நீராட்டுத் தொட்டிகள், பென் ஸீராவின் நூல் முதலிய தோற்சுருள் துண்டுகள், பிற்காலத்தில் பைஸாந்தியத் துறவியர் எழுப்பிய தேவாலயத்தின் வண்ணக்கல் தளம் என்று கிடைத்தவை உண்மையில் பெருஞ்செல்வம். இந்த உழைப்பை நாம் பாராட்டுகின்றோம். ஆனால் யாதின் தோண்டியெடுத்ததோடு நின்றாரில்லை. 1966-இல் வெளிவந்த தம் நூலின் தலைப்பிலேயே ஸிகாரிகளை ஸெலட்டுகள் ஆக்கினார். யோசேபஸோ இவ்விரு குழுவினரையும் வேறுபடுத்தியே பேசியவர். வடக்கு அரண்மனையில் மூன்று பேரின் எச்சங்கள் கிடைத்தன. வீரனும் மனைவியும் குழந்தையும் என்பதுபோல் எழுதினார். ஆடவனுக்கு வயது இருபதுக்குச் சற்று மேல், பெண்ணுக்குப் பதினெட்டளவு, சிறுவனுக்குப் பதினொன்று பன்னிரண்டு என்று எலும்பை ஆராய்ந்தோர் கணித்தனர். ஏழு வயதில் தாயானாளோ அப்பெண்? பெயர் பொறித்த 11 ஓட்டுத்துண்டுகள் ஓரிடத்தில் கிடைத்தன. ஒன்றில் பென் யாயிர் என்றிருந்தது. இதோ அந்தச் சீட்டுகள் என்றார். யோசேபஸ் சொன்னது பத்து, கிடைத்தது பதினொன்று. அம்மலையில் 700-க்கு மேற்பட்ட எழுத்தோடுகள் கிடைத்துள்ளன. அவற்றுட் பல உணவுப் பங்கீட்டுக்கு வழங்கியவை.

எல்லாவற்றிலும் வருந்தத்தக்கது எலும்புகளின் கதை. தெற்குச் சரிவின் குகையொன்றில் சுமார் 25 பேரின் எலும்புகள் கிடந்தன. மாண்டவர் 960 என்றால் மற்றவை எங்கே? 1969 ஜூலையில் அவ்வெலும்புகளை வீரர்களின் எலும்புகள் எனக் கொண்டு இராணுவ மரியாதையோடு மலையடியில் அடக்கினர். அவற்றோடு பன்றி எலும்பும் இருந்ததைப் பின்னாளில் யாதினே வெளியிட்டார். அடக்கச் சடங்கில் பன்றியைப் பலியிடுவது உரோமர் வழக்கம். அவை உரோமருடைய எலும்புகளாகவும் இருக்கலாம் என்கிறார் அந்நாட்டு மானிடவியலாளர் ஸையாஸ். அங்ஙனமாயின், கொல்லப்பட்டவர்க்குச் செலுத்திய வணக்கம் கொல்ல வந்தவனுக்குப் போய்ச் சேர்ந்ததாகும்!

கவனியுங்கள்: இவற்றையெல்லாம் உலகுக்கு எடுத்துச் சொன்னோர் நம்மவர் அல்லர். ஹீப்ரு பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் நஹ்மன் பென் யெஹூதா 1995-இல் தம் நூலில், யோசேபஸின் மூலத்தையும் பாடநூல்களையும் அருகருகே வைத்து, எங்கே அயின் ஜிதீ மறைந்தது, எங்கே ஸிகாரிகள் பெயர் மாறினர், எங்கே வாராத போர்கள் வந்து புகுந்தன என்று வரிவரியாகக் காட்டினார். தம் சமுதாயம் போற்றும் கதையைத் தாமே நிறுத்துப் பார்க்கும் நெஞ்சுரம் அது. நம் மௌலவியிடம் கேட்கிறோம்: நம்மூர்ப் பள்ளிவாசல்களுக்கும் அடக்கத்தலங்களுக்கும் ஆளுக்கோர் ஆண்டு சொல்கிறார்களே, அவற்றுள் ஒன்றையேனும் தாங்கள் இவ்வாறு நிறுத்துப் பார்த்ததுண்டா? மேடையில் கண்ணீர் வரவழைக்கும் கதைகளுக்கு ராவி கேட்டால் தாங்கள் நம்மைக் கோபிப்பதேன்?

பாலஸ்தீன மக்கள் 1948 முதல் படும் துயரைக் கண்டு நம் நெஞ்சமும் கொதிக்கிறது. ஊரிழந்தோரின் உரிமைக்கு நாம் குரல் கொடுத்தே தீருவோம். அதற்கு, யூதர் அம்மண்ணில் என்றுமே வாழவில்லை என்னும் பொய் துணைக்கு வேண்டுமோ? பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தை ஓதும் நாம், அவர்தம் மஸ்ஜித் இருமுறை அழிவுற்றதை அங்கேயே காண்கின்றோம். இரண்டாவது அழிவை உரோமத் தைத்தூஸின் செயலோடு இணைத்துரைத்த தஃப்ஸீர் ஆசிரியரும் உளர். மஸாதா அவ்வழிவின் கடைசி ஏடு. அதைக் கட்டுக்கதை என்பவர் தம் கையிலுள்ள கிதாபையே அறியாமல் மறுக்கின்றார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு குன்றில் சிலர் மாண்டது, இன்று ஒருவனை அவன் வீட்டிலிருந்து வெளியேற்றும் பத்திரம் ஆகாது என்று சொன்னாலே போதும், வழக்கு நிற்கும். குன்றே இல்லை என்று சொன்னால், 1971 முதல் கம்பிவட ஊர்தியில் ஏறிச்சென்று அதைப் பார்த்து வந்த எந்தச் சுற்றுலாப் பயணியும் நம்மைப் பொய்யர் என்பான். அதன்பின் நாம் சொல்லும் மெய்யையும் கேட்கமாட்டான்.

இளைஞருக்கு இன்னும் ஒன்று. அந்தக் கதையில் உமக்கு ஒருவரைப் போற்றித்தான் ஆகவேண்டுமென்றால், கால்வாயில் ஒளிந்த அவ்விரு பெண்களை நோக்குக. ஒருத்தி முதியவள். மற்றொருத்தி எலயாஸரின் உறவினள். அறிவிலும் கல்வியிலும் பெண்டிர் பலரை விஞ்சியவள் என்று யோசேபஸே எழுதுகிறார். தலைவனின் சொந்தக்காரி, அவன் பேச்சுக்கு மயங்காதவள். ஐந்து குழந்தைகளை அழைத்துக்கொண்டு இருட்டில் இறங்கினாள். காலையில் உரோமர் மதிலேறி, எதிர்ப்போர் எவருமின்றித் தீயும் அமைதியுமே கண்டு திகைத்துக் கூவியபோது, அக்குரல் கேட்டுப் பிள்ளைகளோடு வெளியே வந்தவர்கள் அவ்விருவரே. நடந்ததை அவள் தெளிவாக எடுத்துரைத்தாள். உரோமர் முதலில் நம்பவில்லை; தீயை விலக்கி உள்ளே சென்று பார்த்தபின்னரே நம்பினர். அந்த ஐந்து குழந்தைகளும் உயிரோடு நின்றன.